திமிரா, வியாதியா? செல்போன் பிடியை எடை போடுவது எப்படி?

நமது கேள்வி-பதில் பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலும் குருத்துப்பூச்சி, சொட்டுநீர் மானியம், கறவை மாட்டு மடிவீக்கம் என்றுதான் இருக்கும். இந்த முறை வந்த ஒரு கடிதம் வேறு மாதிரி. எழுதியவர் ஒரு விவசாயியின் மனைவி. பெயரும் ஊரும் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.

“ஐயா, எங்களுக்கு மூன்று ஏக்கர் கிணற்றுப் பாசனம். எங்கள் பக்கம் ராத்திரியில்தான் மும்முனை கரண்ட் நின்று வரும். வீட்டுக்காரர் தண்ணீர் கட்ட மோட்டார் கொட்டகைக்குப் போவார். முதலில் தூக்கம் வராமல் இருக்க போனில் படம் பார்த்தார். பிறகு பணம் கட்டி ஆடுகிற சீட்டு. இப்போது மடை மாற்றக்கூட எழுந்திருப்பதில்லை. ஒரு பாத்தியில் தண்ணீர் வரப்பு தாண்டி ஓடுகிறது, கடைசி வயல் காய்கிறது. உரக்கடை பாக்கிக்கு எடுத்து வைத்திருந்த பருத்திப் பணத்தைப் போன மாதம் காணோம். கேட்டால் பிள்ளைகள் தலையில் கை வைத்து சத்தியம் செய்கிறார். நாலு நாள் போனைத் தொடுவதில்லை. ஐந்தாம் நாள் மறுபடியும் அதேதான். என் மாமியார், ‘ஆம்பளைக்கு ஆயிரம் இருக்கும்’ என்கிறார். என் அண்ணன், ‘எல்லாம் திமிர், நாலு போடு போட்டால் சரியாகும்’ என்கிறார். இது திமிரா, வியாதியா? வியாதி என்றால் எந்த டாக்டரிடம் போவது?”

இதே கவலை இன்று பல வீடுகளில் இருக்கிறது. சில வீடுகளில் மகன், சில வீடுகளில் மகள், சில வீடுகளில் மாமியாரே. ஆகவே இந்தக் கடிதத்துக்கு இரண்டு வரியில் பதில் சொல்லாமல், விரிவாகவே பார்ப்போம்.

போன் பார்ப்பதெல்லாம் நோய் இல்லை

இன்றைக்குப் போன் இல்லாமல் விவசாயம் இல்லை. மார்க்கெட் விலை, மழை அறிவிப்பு, உழவன் செயலி, வீட்டிலிருந்தே மோட்டார் போடும் மொபைல் ஸ்டார்ட்டர் என்று எல்லாம் அதில்தான் இருக்கிறது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகன் முகம் காட்டுவதும் அதில்தான். ஒருவர் தினமும் மூன்று மணி நேரம் போன் பார்க்கிறார் என்பதால் மட்டும் அவரை ‘அடிமை’ என்று சொல்லிவிட முடியாது.

குடிப்பழக்கம் வேறு, குடிநோய் வேறு என்பது நமக்குத் தெரியும். போனிலும் அப்படித்தான். பழக்கம் ஒன்று, நோய் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே விழுகிறது என்பதுதான் கேள்வி.

நம் வயலிலேயே இதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. ஒரு பூச்சியைப் பார்த்தவுடன் மருந்து அடிப்பதில்லை. நெல்லில் தண்டுத் துளைப்பான் இருந்தால், தூர் பருவத்தில் 10 சதவிகிதம் நடுக்குருத்து காய்ந்திருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கச் சொல்கிறார்கள். அதற்குப் பெயர் பொருளாதார சேத நிலை. அதற்குக் கீழே இருந்தால் கண்காணிப்பு. தாண்டினால் நடவடிக்கை. மருத்துவர்களும் இதைப்போல ஒரு சேத நிலையைத்தான் வகுத்திருக்கிறார்கள். அதில் அவர்கள் முதலில் எண்ணுவது மணிக்கணக்கை அல்ல, சேதத்தை.

கேலியாகப் பிறந்த பெயர்

‘இணைய அடிமை நோய்’ என்ற பெயர் முதலில் கேலியாகத்தான் வந்தது. 1995-ல் அமெரிக்க மனநல மருத்துவர் இவான் கோல்ட்பர்க், எல்லாவற்றுக்கும் நோய்ப் பெயர் வைக்கும் மருத்துவக் கையேட்டைக் கிண்டல் செய்து, இப்படி ஒரு நோய் இருப்பதாக எழுதினார். படித்தவர்களில் சிலர், ‘எனக்கும் இது இருக்கிறது’ என்று நிஜமாகவே பதில் எழுதினார்கள்!

அடுத்த ஆண்டு, 1996-ல், உளவியலாளர் கிம்பர்லி யங் இதைக் கேலியாக இல்லாமல் ஆராய்ந்து முன்வைத்தார். சூதாட்ட நோயைக் கண்டறியும் கேள்விகளை எடுத்து, இணையத்துக்கு ஏற்ப மாற்றி எட்டுக் கேள்விகள் ஆக்கினார். போதைப்பொருளோடு ஒப்பிடாமல் சூதாட்டத்தோடு ஒப்பிட்டது முக்கியமான விஷயம். உடம்புக்குள் எதுவும் போகாமலே ஒரு பழக்கம் மனிதனைக் கட்டிப்போட முடியும் என்பதற்குச் சூதாட்டம்தான் பழைய சாட்சி.

பிறகு 2019 மே மாதம் உலக சுகாதார அமைப்பின் உறுப்பு நாடுகள் புதிய நோய்ப் பட்டியலை ஏற்றுக்கொண்டன. அதில் ‘விளையாட்டு அடிமை நோய்’, அதாவது போனிலும் கம்ப்யூட்டரிலும் ஆடும் விளையாட்டுக்கு அடிமையாவது, தனி நோயாக இடம்பெற்றது. ‘சூதாட்ட நோய்’ அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 2022 ஜனவரி 1 முதல் அந்தப் பட்டியல் நடைமுறையில் உள்ளது.

ரீல்ஸ் பார்ப்பது, வாட்ஸ்அப், யூடியூப் ஆகியவை அந்தப் பட்டியலில் தனி நோயாக இல்லை. அதற்காக அவற்றால் கெடுதல் இல்லை என்று அர்த்தம் இல்லை. அளவுக்கு மீறினால் அங்கேயும் மருத்துவர்கள் இதே அடையாளங்களைத்தான் தேடுகிறார்கள்.

மூன்று அடையாளம், ஒரு நிபந்தனை

உலக சுகாதார அமைப்பின் வரையறை எளிமையானது.

ஒன்று, கட்டுப்பாடு போய்விடுவது. எப்போது தொடங்குவது, எவ்வளவு நேரம், எப்போது நிறுத்துவது என்பது அவர் கையில் இல்லாமல் போகும்.

இரண்டு, முன்னுரிமை மாறுவது. சாப்பாடு, தூக்கம், வேலை, பிள்ளைகள் எல்லாம் பின்னுக்குப் போய் அது முன்னால் வந்து நிற்கும்.

மூன்று, கெடுதல் நடப்பது தெரிந்தும் தொடர்வது. பணம் போகிறது, பயிர் காய்கிறது, வீட்டில் சண்டை. ஆனாலும் நிற்காது.

நிபந்தனை என்னவென்றால், இவற்றால் குடும்பம், படிப்பு, தொழில் ஆகியவற்றில் கண்கூடான பாதிப்பு இருக்க வேண்டும். பொதுவாக 12 மாதங்களாவது இது நீடித்திருக்க வேண்டும். பாதிப்பு மிகக் கடுமையாக இருந்தால் அதற்கு முன்பே நோய் என்று முடிவு செய்யலாம்.

கோடைவிடுமுறை ஒரு மாதம் முழுக்க கேம் ஆடிவிட்டு, பள்ளி திறந்ததும் விட்டுவிடும் பையன் நோயாளி இல்லை. தினமும் ஒரு மணி நேரமே ஆடினாலும், கறவை மாட்டை விற்ற பணத்தை அதில் கட்டியவர் கவனிக்கப்பட வேண்டியவர்.

கை ஏன் விடுவதில்லை?

ஏரிக்கரையில் தூண்டில் போட்டு உட்கார்ந்திருப்பவரைப் பார்த்திருப்போம். ஒவ்வொரு முறையும் மீன் மாட்டுவது உறுதி என்றால், வேண்டியது கிடைத்ததும் எழுந்து போய்விடுவார். ஒருபோதும் மாட்டாது என்றாலும் போய்விடுவார். எப்போது மாட்டும் என்று தெரியாததால்தான் இருட்டும் வரை உட்கார்ந்திருக்கிறார்.

பி.எஃப்.ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் இதைப் புறாக்களை வைத்துக் காட்டினார். பொத்தானைக் கொத்தினால் தீனி விழும். இத்தனை கொத்துக்கு ஒரு முறை என்று கணக்கு வைத்தால், தீனி விழுந்ததும் புறா சற்று ஓய்ந்தது. எந்தக் கொத்துக்கு விழும் என்று தெரியாதபடி மாற்றினால், ஓயாமல் கொத்திக்கொண்டே இருந்தது. தீனியை நிறுத்திய பிறகும் வெகுநேரம் கொத்தியது.

போனில் விரலைத் தள்ளுவதும் அதேதான். அடுத்த வீடியோ நன்றாக இருக்கலாம், அடுத்த ஆட்டம் ஜெயிக்கலாம். பரிசு வருமோ என்ற எதிர்பார்ப்பிலேயே மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது.

இன்னொரு விஷயமும் உண்டு. செய்தித்தாளுக்குக் கடைசிப் பக்கம் இருக்கிறது. சினிமாவுக்கு ‘வணக்கம்’ இருக்கிறது. ரீல்ஸுக்கு முடிவே இல்லை. தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும் இந்த அமைப்பை 2006-ல் உருவாக்கியவர் அசா ராஸ்கின். அதனால் மனிதர்களின் நேரம் எவ்வளவு வீணாகிறது என்று பின்னாளில் அவரே வருத்தப்பட்டுப் பேசியிருக்கிறார்.

பணம் வைத்து ஆடும் ஆட்டத்தில் இதோடு ‘விட்டதைப் பிடிப்பது’ சேர்ந்துகொள்கிறது. 500 ரூபாய் போனால் 1,000 வைத்து எடுக்கலாம், 1,000 போனால் 5,000 வைத்து எடுக்கலாம் என்று மனம் சொல்லும். மருத்துவர்கள் சூதாட்ட நோய்க்குச் சொல்லும் முக்கிய அடையாளங்களில் இதுவும் ஒன்று.

வீட்டிலேயே பார்க்கக்கூடிய ஆறு குறிகள்

எந்த அடிமைத்தனத்திலும் பொதுவாக ஆறு கூறுகள் இருக்கும் என்று பிரிட்டன் உளவியலாளர் மார்க் கிரிஃபித்ஸ் வகைப்படுத்தினார். அவற்றை நம் வீட்டு மொழியில் இப்படிக் கேட்டுப் பார்க்கலாம்.

1. களை எடுக்கும்போதும் பால் கறக்கும்போதும் மனம் போனிலேயே இருக்கிறதா?
2. கவலை, கோபம், கடன் நினைப்பு வந்தால் உடனே அதற்குள் போய் ஒளிந்துகொள்கிறாரா?
3. முன்பு அரை மணி நேரம் போதும். இப்போது நாலு மணி நேரம் ஆனாலும் போதவில்லையா?
4. சார்ஜ் தீர்ந்தாலோ, டேட்டா முடிந்தாலோ எரிச்சல், படபடப்பு, தூக்கமின்மை வருகிறதா?
5. இதனால் வீட்டில் பொய், சண்டை, வேலையில் தவறு, கடன் என்று வளர்கிறதா?
6. விட்டுவிடுகிறேன் என்று சொல்லி, சில நாளில் மீண்டும் அதே இடத்துக்கு வருகிறாரா?

இது பரிசோதனைச் சீட்டு இல்லை. நோய் என்று முடிவு சொல்ல வேண்டியவர் மருத்துவர்தான். ஆனால், பல கேள்விகளுக்கு ‘ஆமாம்’ என்றால், நல்ல நாள் பார்த்துக்கொண்டிருக்காமல் ஆலோசனைக்குப் போகலாம்.

அந்தச் சகோதரிக்கு நம் பதில்

நீங்கள் எழுதியதில் மூன்று அடையாளங்களுமே தெரிகின்றன. மடை மாற்ற எழ முடியவில்லை. பயிரும் உரக்கடை பாக்கியும் பின்னுக்குப் போய்விட்டன. சேதம் தெரிந்தும் தொடர்கிறது. இது திமிர் இல்லை. சத்தியம் செய்த நாலு நாள் அவர் நடிக்கவில்லை, நிஜமாகவே விட நினைத்திருக்கிறார். ஐந்தாம் நாள் திரும்பப் போவது இந்த நோயின் இயல்பு.

இன்னொன்றையும் கவனியுங்கள். போன் வெறும் மடை. அதில் எந்தத் தண்ணீர் வருகிறது என்று பார்க்க வேண்டும். உங்கள் வீட்டில் வருவது சூதாட்டம். ஆகவே போனைப் பிடுங்குவதோடு இது முடியாது. மருத்துவரிடமும் ‘எந்நேரமும் போன் பார்க்கிறார்’ என்று சொல்லாமல், ‘பணம் வைத்து ஆடுகிறார்’ என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

*அடிப்பதும் ஊர் நடுவில் அவமானப்படுத்துவதும் வேண்டாம்.* வெட்கம் கூடினால் மறைப்பதும் கூடும். அவர் ஆடிக்கொண்டிருக்கும்போது பேசாதீர்கள். காலையில் நிதானமாக இருக்கும்போது, ‘நீ கெட்டவன்’ என்று தொடங்காமல், ‘கடைசி வயல் காய்ந்துவிட்டது, இவ்வளவு பணம் குறைகிறது’ என்று நடந்ததைச் சொல்லுங்கள்.

*முழுக் கடனையும் ஒரே தாளில் எழுதுங்கள்.* கைமாற்று, நகை அடகு, போன் வழிக் கடன் எதையும் விடாமல் அவரே எழுதட்டும். பாதிக் கடனை மறைத்து வைத்தால், அதை அடைக்க மறுபடி ஆடத் தோன்றும். உங்கள் அண்ணன் உதவ நினைத்தால், அவர் கையில் ரொக்கமாகக் கொடுக்காமல் உரக்கடைக்கே நேராகக் கட்டச் சொல்லுங்கள்.

*பணத்துக்கு வேலி போடுங்கள்.* அவர் சம்மதத்தோடு, விளைச்சல் பணம் உங்கள் கணக்குக்கு வரும்படி செய்யுங்கள். அவர் போனிலிருந்து பணம் அனுப்பும் வசதியை நிறுத்தி வைப்பது பற்றி வங்கிக் கிளையில் கேளுங்கள்.

*மோட்டார் கொட்டகையை மாற்றுங்கள்.* ராத்திரி, தனிமை, காத்திருப்பு மூன்றும் சேர்ந்த இடம் அது. கொஞ்ச காலத்துக்கு அங்கே பட்டன் போன் மட்டும் போகட்டும். மொபைல் ஸ்டார்ட்டர் பலவும் சாதாரண அழைப்பு, குறுஞ்செய்தியிலேயே வேலை செய்யும். துணைக்கு ஒரு ரேடியோ, அல்லது முறை வைத்துத் தண்ணீர் கட்டும் பக்கத்துக் காட்டுக்காரர் இருந்தால் இன்னும் நல்லது.

*மருத்துவரைப் பாருங்கள்.* அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகத் தயக்கம் என்றால் 14416 என்ற எண்ணுக்கு அழையுங்கள். ‘டெலி மானஸ்’ எனப்படும் அரசின் இலவச மனநலச் சேவை இது. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்டு, 24 மணி நேரமும் இயங்குகிறது. தமிழிலேயே பேசலாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் இணையம், போன் அடிமைத்தனத்துக்கென்றே தனிச் சிகிச்சைப் பிரிவு 2014 முதல் நடக்கிறது. சிகிச்சையில் பெரும்பகுதி பேச்சு வழியாகத்தான் நடக்கும். எந்த நேரத்தில், எந்த நினைப்பில் கை போனுக்குப் போகிறது என்று கண்டுபிடித்து, அந்த இடத்தில் வேறொன்றைப் பழக்குவார்கள். கூடவே மனச்சோர்வு இருந்தால் அதற்கு மருந்து தருவார்கள். நீங்கள் சொல்வது வெளியே போகாது. 2017-ம் ஆண்டு மனநலச் சட்டம் அந்த ரகசியத்துக்கு உரிமை தருகிறது.

*ஒன்றை மட்டும் தள்ளிப் போடாதீர்கள்.* ‘நான் இருந்து என்ன பயன்’ என்ற பேச்சு வந்தால், அதை வெறும் பேச்சு என்று விடாதீர்கள். வீட்டிலும் கொட்டகையிலும் இருக்கும் பூச்சிமருந்து டப்பாக்களை அன்றே பூட்டி, சாவியை வேறொருவரிடம் கொடுங்கள். அவரைத் தனியே விடாமல் உடனே 14416 அல்லது 104-ஐ அழையுங்கள்.

சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. ஆன்லைன் சூதாட்டத்துக்குத் தடை விதித்து தமிழ்நாடு 2022-ல் சட்டம் கொண்டுவந்தது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளையும் அவற்றின் விளம்பரத்தையும் தடை செய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் சட்டம் இயற்றியது. ஆகவே இன்று உங்கள் போனுக்கு ‘ஆடி ஜெயிக்கலாம்’ என்று லிங்க் வந்தால், அது சட்டத்துக்கு வெளியே நடப்பது. பணம் பறிபோய்விட்டால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் உடனே புகார் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்கி வைக்க வாய்ப்பு அதிகம்.

ஊரே அணைத்த ஒன்றரை மணி நேரம்

நோய் வந்தவருக்குச் சிகிச்சை. வராதவர்களுக்கு? இதற்கு மகாராஷ்டிராவில் ஒரு கரும்பு கிராமம் வழி காட்டியிருக்கிறது. சாங்கலி மாவட்டத்தில் உள்ள மோகித்யாஞ்சே வட்காவ் ஊரில், கொரோனா காலத்து ஆன்லைன் வகுப்புக்குப் பிறகு பிள்ளைகள் போனை விட்டு எழவில்லை. 2022 சுதந்திர தினத்தை ஒட்டி ஊர்க்கூட்டம் போட்டு ஒரு முடிவு எடுத்தார்கள். தினமும் மாலை 7 மணிக்கு ஊர்க் கோயிலில் சைரன் ஒலிக்கும். உடனே டி.வி, போன் எல்லாம் அணைக்க வேண்டும். 8.30 மணிக்கு இரண்டாவது சைரன். அதுவரை பிள்ளைகள் படிப்பார்கள், பெரியவர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள்.

யோசனையைக் கேட்டதும் ஆண்கள் சிரித்தார்களாம். பெண்கள் பிடியாக நின்றார்கள். அப்போதைய ஊராட்சித் தலைவர் விஜய் மோகிதே முன்நிற்க, ஆஷா பணியாளர்கள், அங்கன்வாடி ஊழியர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் வீடு வீடாகப் போய் எடுத்துச் சொன்னார்கள்.

ஒரே வீட்டில் ஒரு பிள்ளையிடம் மட்டும் ‘போனை வை’ என்றால் சண்டை வரும். ஊரில் எல்லோரும் ஒரே நேரத்தில் வைத்தால், எதையோ இழந்துவிட்டோம் என்ற எண்ணம் யாருக்கும் வராது. மகளிர் சுயஉதவிக் குழுவோ, கிராம சபையோ நினைத்தால் நம் ஊர்களிலும் இதைச் செய்து பார்க்கலாம்.

மேலும் மூன்று வாசகர் கேள்விகள்

*பத்தாம் வகுப்பு படிக்கும் மகள் இரவு 12 மணி வரை ரீல்ஸ் பார்க்கிறாள். போனைப் பிடுங்கினால் சாப்பிட மறுக்கிறாள். என்ன செய்வது?*

பிடுங்குவதற்குப் பதில் நேரத்தையும் இடத்தையும் பேசி முடிவு செய்யுங்கள். இரவு 9 மணிக்கு மேல் வீட்டில் உள்ள எல்லாப் போன்களும், அப்பாவுடையதும் சேர்த்து, கூடத்தில் ஒரே இடத்தில் சார்ஜில் இருக்கட்டும். முதல் ஒரு வாரம் முகம் தூக்குவாள், பிறகு பழகும். தூக்கம் சரியானாலே பாதிப் பிரச்னை குறையும். பள்ளிக்குப் போக மறுப்பது, தோழிகளை விட்டு ஒதுங்குவது இருந்தால், போனுக்குப் பின்னால் வேறு வருத்தம் இருக்கிறதா என்று அன்பாகக் கேளுங்கள்.

*இரண்டு வயதுப் பேரன் போன் காட்டினால்தான் சோறு உண்கிறான். இது தவறா?*

ஒரு வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, அதிலும் குறைந்தால் நல்லது என்று உலக சுகாதார அமைப்பு 2019-ல் சொல்லியிருக்கிறது. திரையைப் பார்த்து உண்ணும் குழந்தைக்குப் பசியும் தெரியாது, வயிறு நிறைந்ததும் தெரியாது. ஆட்டுக்குட்டி, கோழி, வாசல் என்று காட்டி ஊட்டுங்கள். இரண்டு நாள் குறைவாகச் சாப்பிட்டால் பதற வேண்டாம்.

*நான் தினமும் மூன்று மணி நேரம் விவசாய வீடியோக்கள் பார்க்கிறேன். மனைவி என்னையும் ‘போன் பைத்தியம்’ என்கிறார். நானும் அடிமையா?*

தொழில் கற்பது நல்லதுதான். ஒரு சோதனை செய்யுங்கள். கடந்த மாதம் பார்த்ததில் எத்தனை விஷயம் வயலுக்குப் போயிருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பிறகு ஒரு வாரம், பார்ப்பதை அரை மணி நேரமாகக் குறையுங்கள். எளிதாக முடிந்தால் அது பழக்கம்தான், பயப்பட வேண்டாம். முடியவில்லை, எரிச்சல் வருகிறது என்றால், மேலே உள்ள ஆறு கேள்விகளை மனைவியையே கேட்கச் சொல்லுங்கள். இதில் நம் கண்ணைவிட வீட்டில் உள்ளவர்கள் கண்ணுக்குச் சரியாகத் தெரியும்.